தங்கச்சிமடத்துக்கு வந்த பியூரிட்டன் பெட்டி

மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாட்களும் எங்கள் கரையில் விசைப்படகுகள் அசையாமல் நிற்கும். பள்ளி விடுமுறையும் அதற்குள்ளேயே வந்துவிடுவதால் பிள்ளைகளும் வலையைச் சரிசெய்யும் அவர்களுடைய தகப்பன்மார்களும் ஒரே வேப்பமர நிழலில்தான் பகலைக் கழிப்பார்கள். அந்த நாட்களில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஏதேனும் வேண்டும் என்று எண்ணி, தமிழ்க் கையேட்டுடன் ‘வரலாற்றுப் பெட்டி’ விற்கும் நகரத்துச் சிறு விற்பனையாளர் ஒருவரிடமிருந்து 1,850 ரூபாய்க்கு ஒரு பெட்டியை வரவழைத்தேன். 17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கக் கரைக்குக் குடிபெயர்ந்த, கத்தோலிக்கச் சாயலற்ற வழிபாட்டை விரும்பிய சீர்திருத்தச் சபையினரான பியூரிட்டன் மக்களின் அன்றாட வாழ்க்கையும் சமயமும் குடும்பமுமே அதன் பொருள். நான் பள்ளியில் வரலாறு நடத்தி ஓய்வுபெற்றவன், பிறப்பால் கத்தோலிக்கன். கொடியேற்றமும் தேர்ப்பவனியும் மெழுகுவத்தியும் இல்லாமல் ஒரு திருவிழாவை எண்ணிப்பார்க்கவே முடியாத எங்கள் ஊரில், அவை அனைத்தையும் வெறுத்து ஒதுக்கிய மக்களின் பெட்டியைத் திறக்கும்போது எனக்கே சற்று வேடிக்கையாகத்தான் இருந்தது.

பெட்டியில் ஒரு மணற்கடிகாரம், ‘ஹார்ன்புக்’ எனப்படும் எழுத்துப்பலகை, மரத்தட்டு, இறகுப் பேனா, பெயர்ச்சீட்டுகள், 24 பட அட்டைகள், ஒரு பொட்டலம் மக்காச்சோள மாவு, 64 பக்கக் கையேடு ஆகியவை இருந்தன. பொருள்களைச் செய்தவர் விவரமறிந்து செய்திருக்கிறார். கையேட்டை எழுதியவருக்கும் அவருக்கும் பேச்சுவார்த்தையே இருந்ததாகத் தெரியவில்லை.

முதலில் மணற்கடிகாரம். ஒரு சாண் உயரம், தடித்த கண்ணாடி, நன்றாகக் கடைந்தெடுத்த மரச்சட்டம். ஒரு மணி நேரம் ஓடும் என்று அச்சிட்டிருக்கிறார்கள். கைப்பேசியை வைத்து மூன்று முறை பார்த்ததில் 53 நிமிடத்துக்கும் 55 நிமிடத்துக்கும் இடையிலேயே மணல் தீர்ந்துவிட்டது. அதை ஒரு பெரிய குறையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. மாசசூசெட்ஸும் பிளைமவுத்தும் அடங்கிய, அவர்கள் குடியேறிய வடகிழக்கு அமெரிக்கப் பகுதியான நியூ இங்கிலாந்தின் சபைக் கூடங்களில் போதகருக்கு முன்னால் இப்படியொரு கடிகாரம் இருந்தது. மணல் இறங்கி முடிந்ததும் அதைத் திருப்பிவைத்துவிட்டுப் பிரசங்கம் தொடர்வதும் உண்டு. காலையில் ஒரு கூடுகை, பகலுணவுக்குப் பின் இன்னொரு கூடுகை. பனிக்காலத்திலும் அந்தக் கூடத்தில் கணப்பு இல்லை. ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் மறுபக்கமுமாக, ஊரில் அவரவர்க்குள்ள மதிப்புக்கு ஏற்ப ஒதுக்கப்பட்ட பலகைகளில் அமர்ந்திருந்தார்கள். ஓய்வுநாள் என்பது சனிக்கிழமை மாலையிலேயே தொடங்கிவிடும் என்பதால், ஞாயிற்றுக்கிழமைக்கான சமையலும் விறகும் தண்ணீரும் அதற்கு முன்பே ஆயத்தமாகியிருக்க வேண்டும்.

எட்டுப் பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்துக் கடிகாரத்தைக் கவிழ்த்தேன். கடிகாரம் ஓடி முடிகிறவரை பேச்சு இல்லை, எழுந்திருப்பது இல்லை என்று சொல்லியிருந்தேன். பதினோராம் நிமிடத்தில் ஒருவன், “நம்ம ஃபாதர் பத்து நிமிசத்துல முடிச்சிருவாங்கள்ல, சார்” என்றான். இருபதாம் நிமிடத்தில் இருவர் தூணில் சாய்ந்துவிட்டார்கள். கையேட்டில் இதைப்பற்றி இருக்கும் ஒரு முழுப் பக்கத்தைப் படிப்பதைவிட, பாதிக் கடிகாரம் அவர்களுக்கு அதிகமாகச் சொல்லிவிட்டது என்று நினைக்கிறேன். கூடத்தில் தூங்குபவர்களைக் கோலால் தட்டி எழுப்பும் அலுவலரைப்பற்றி ஓர் அட்டை இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பிடித்துப்போனதும் அதுதான். ஆனால் 1670-களில் மாசசூசெட்ஸ் சட்டம் அந்த அலுவலரை ஏற்படுத்தியபோது பத்துப் பன்னிரண்டு வீட்டுக்கு ஒருவர் என்று அமர்த்தி, அந்த வீடுகளில் குடியும் ஒழுங்கீனமும் இல்லாமல் பார்த்துக்கொள்வதையே அவருடைய முதல் வேலையாக வைத்திருந்தது. ஊர்க் கமிட்டி தண்டம் போடும் ஊர்களில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் உடனே விளங்கும். அட்டை கோலை மட்டும் காட்டிவிட்டு வீட்டை விட்டுவிட்டது.

இந்த இடத்தில் கையேட்டின் மொழியைப்பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். “பியூரிட்டன்கள் ஞாயிறுதோறும் தவறாமல் திருப்பலியில் பங்கேற்றனர்” என்று பக்கம் 9-இல் எழுதியிருக்கிறார்கள். திருப்பலி என்ற கருத்தையே விலக்கிவைத்த மக்கள் அவர்கள். சிலுவையும் சுரூபமும் வண்ணக் கண்ணாடியும் இசைக்கருவியும் இல்லாத அந்தக் கட்டடத்தை அவர்கள் ஆலயம் என்றுகூட அழைக்கவில்லை. கூடும் வீடு என்றே அழைத்தார்கள், வாரநாட்களில் ஊர்க் கூட்டமும் அதே இடத்தில்தான் நடந்தது. கத்தோலிக்கச் சொல் எது, சீர்திருத்தச் சபையாரின் சொல் எது என்பது தமிழ்க் கிறிஸ்தவர்களில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அந்த வேறுபாட்டுக்காகவே கடல் கடந்து போன மக்களைப்பற்றிய நூலில் இந்தக் குழப்பம் வந்திருப்பதை அச்சுப்பிழை என்று ஒதுக்கிவிட முடியாது.

எழுத்துப்பலகை அழகாக இருக்கிறது. கைப்பிடி வைத்த சிறு பலகையில் எழுத்து வரிசையும் கர்த்தர் கற்பித்த செபமும் அச்சிட்ட தாளை ஒட்டி, அதன்மேல் கொம்பைச் சீவி மெல்லிய தகடாக்கி மூடுவது அக்கால வழக்கம்; இங்கே கொம்புக்குப் பதில் பிளாஸ்டிக் தகடு. தாளும் அச்சும் அரியனவாக இருந்த காலத்தில் ஒரு பிள்ளையின் கையிலிருந்து அடுத்த பிள்ளையின் கைக்குப் போய்க்கொண்டிருந்த பாடப்புத்தகம் இது. மாசசூசெட்ஸில் 1642-ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்பிப்பதைப் பெற்றோரின் கடமையாக்கியது. 1647-ஆம் ஆண்டுச் சட்டம் 50 குடும்பங்கள் உள்ள ஊர் ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும், 100 குடும்பங்கள் உள்ள ஊர் லத்தீன் கற்பிக்கும் இலக்கணப் பள்ளி நடத்த வேண்டும் என்றது. சாத்தான் மனிதரை வேதத்திலிருந்து விலக்கிவைக்கப் பார்க்கிறான், அவனை வெல்ல எழுத்தறிவு வேண்டும் என்பதே அந்தச் சட்டம் தன் முகப்பிலேயே சொன்ன காரணம். வாசிப்பை முதலிலும் எழுத்தைப் பின்னரும் கற்பித்ததால், வேதத்தைத் தடையின்றி வாசித்துவிட்டுக் கையெழுத்துக்குப் பதில் கீறலிட்ட பெண்கள் அங்கே பலர். இவையெல்லாம் கையேட்டில் உள்ளன, நன்றாகவே உள்ளன. அதன் கடைசி வரிதான் வருத்தம் தருகிறது: 1640-இல் அவர்கள் பாஸ்டன் பக்கத்தில் அச்சிட்ட, வேதாகமச் சங்கீதங்களின் புத்தகத்தைப் புகழ்ந்துவிட்டு, “நம் நாட்டு மொழிகள் அச்சையே அறியாத காலம் அது” என்று முடிக்கிறார்கள். முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணிசெய்த அன்ரிக்கே அன்ரிக்கஸ் அடிகளார் மொழிபெயர்த்த ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சானது 1578-இல். பாஸ்டன் பக்கத்துச் சங்கீதப் புத்தகத்தைவிட அது 62 ஆண்டுகள் மூத்தது. தமிழில் எழுதி, தமிழருக்கு விற்று, 1,850 ரூபாயும் வாங்கிக்கொண்டு இதை விட்டுவிடலாமா?

மரத்தட்டு சதுரப் பலகையில் ஒரு குழி; அவ்வளவே. இருவர் ஒரே தட்டில் உண்டார்கள் என்ற செய்தி பிள்ளைகளுக்கு வியப்பளிக்கவில்லை. கீழக்கரையில் கலியாண வீட்டுச் சகன் சாப்பாட்டில் நாலைந்து பேர் ஒரே தாலத்தில் கைவைத்து உண்பதை அவர்கள் கண்டிருக்கிறார்கள். கையேட்டிலுள்ள மக்காச்சோளக் களியின் செய்முறையை என் மனைவி செய்துபார்த்தார். கூடவந்த மாவில் வண்டு இருந்தது. படம் எடுத்து அனுப்பியதும் விற்பனையாளர் மறுபேச்சு இல்லாமல் ஒன்பது நாளில் வேறு பொட்டலம் அனுப்பினார் என்பதைப் பாராட்டியே ஆகவேண்டும். செய்முறை கேட்ட மொலாசஸ் என்ற கரும்புக் கழிவுப்பாகு இங்கே கிடைக்காததால் பனங்கருப்பட்டியைப் பாகாக்கி ஊற்றினார். சிறு தீயில் இரண்டு மணி நேரம். பிள்ளைகள் சட்டியை வழித்துவிட்டார்கள். பியூரிட்டன் வீட்டுக் களி இவ்வளவு நன்றாக இருந்திருக்காது என்பது என் ஐயம்.

ஆனால் கடற்கரைக்காரனாக நான் பெட்டியில் தேடிய பொருள் வேறு. அது இல்லை, கையேட்டிலும் அதற்கு ஒரு பத்திகூட இல்லை. மாசசூசெட்ஸ் உழவர் நாடு என்ற எண்ணத்திலேயே 64 பக்கங்களும் ஓடுகின்றன. அந்தக் கரையைத் தூக்கி நிறுத்தியது காட் மீன் கருவாடு. மீனைப் பிளந்து, குடல் எடுத்து, உப்பிட்டு, பரண் கட்டிக் காற்றிலும் வெயிலிலும் உலர்த்தினார்கள். எங்கள் கரையில் இன்றும் பலர் மணலில் காயவைக்க, அவர்கள் 300 ஆண்டுகளுக்கு முன்பே பரணில் காயவைத்தார்கள் என்பதை வலைத்தொழிலாளர் ஒருவரிடம் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. தரமான கருவாடு ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் போயிற்று. போப்பாண்டவரின் பெயரைச் சொன்னாலே முகம் சுளித்த மக்கள், இறைச்சி உண்ணாத நோன்பு நாட்களில் கத்தோலிக்கர் உண்பதற்கென மீனைக் காயவைத்து விற்றார்கள். தரம் குறைந்தது மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்தவர்களின் உணவாயிற்று. அங்கிருந்து திரும்பிவந்ததுதான் அந்த மொலாசஸ். களிக்குச் செய்முறை கொடுத்தவர்கள் இனிப்பு எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். பாஸ்டன் சட்டமன்றத்தில் மரத்தால் செய்த காட் மீன் ஒன்று 1784 முதல் தொங்குகிறது. அதன் படத்தையாவது போட்டிருக்கலாம்.

இதையொட்டி ஒரு சிறு கதை உண்டு. பாஸ்டன் போதகர் காட்டன் மேதர் 1702-இல் வெளியான தம் வரலாற்று நூலில் சொன்னது அது. வடகிழக்குப் பகுதியின் மீனவர் ஊரில் ஒரு போதகர், “நீங்கள் பக்தியுள்ளவர்களாக இல்லாவிட்டால் இந்த வனாந்தரத்துக்கு வந்த நோக்கமே பாழாகிவிடும்” என்று பிரசங்கித்தாராம், கூட்டத்திலிருந்து ஒருவர், “ஐயா, நீங்கள் பாஸ்டன் பக்கத்தாரிடம் பேசுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், நாங்கள் வந்தது மீன் பிடிக்க” என்றாராம். எங்கள் திண்ணையில் இதற்குக் கிடைத்த சிரிப்பு வேறெதற்கும் கிடைக்கவில்லை.

குடும்பத்தைப்பற்றிய அட்டைகள் ஏமாற்றமளிக்கின்றன. திருமண அட்டையில் போதகர் முன்னிலையில் மணமக்கள் மோதிரம் மாற்றுகிறார்கள். மோதிரம் அவர்களிடம் இல்லை, போதகருக்கும் அங்கே வேலை இல்லை. திருமணம் என்பது ஊர் நடுவர் முன்னிலையில் நடக்கும் ஒப்பந்தம், 17-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதிவரை அங்கே அதுவே முறை. பிளைமவுத்தின் முதல் திருமணம் 1621 மே மாதம் எட்வர்ட் வின்ஸ்லோவுக்கும் சூசன்னா ஒயிட்டுக்கும் நடந்தது. வின்ஸ்லோவின் மனைவி மார்ச்சில் இறந்திருந்தார், சூசன்னாவின் கணவர் பிப்ரவரியில். பிளைமவுத்தின் முதல் குடியேறிகளாக மேஃபிளவர் கப்பலில் வந்த 102 பேரில் ஏறக்குறையப் பாதிப்பேரை முதல் குளிர்காலமே கொண்டுபோன நிலையில், துக்கம் காக்க யாருக்கும் நாள் இருக்கவில்லை. இந்தச் செய்தி இல்லாமல் மணக்கோலப் படம் போடுவதால் என்ன பயன்?

வீடே அவர்களுக்குச் சிறு திருச்சபை என்பதையும் கையேடு போகிறபோக்கில் சொல்லிக் கடந்துவிடுகிறது. காலையும் மாலையும் தகப்பன் வேதம் வாசித்துச் செபம் நடத்த, மனைவி மக்களோடு வேலையாட்களும் சேர்ந்து இருக்க வேண்டும். மணமாகாதவர் தனித்து வாழக்கூடாது, ஏதாவது ஒரு குடும்பத்தில் அடங்கியிருக்க வேண்டும் என்று சட்டமே இருந்தது. பிள்ளைகளை ஓரளவு வளர்ந்ததும் வேறொரு வீட்டில் தொழிலும் ஒழுக்கமும் கற்க விட்டுவிடுவார்கள். வசதியுள்ளவர்களும் அப்படிச் செய்தார்கள். கணவன் இறந்தால் சொத்தில் மூன்றிலொரு பங்கின் பயன் விதவைக்கு உண்டு. அந்திநேரம் வீட்டுக்கு வீடு செபமாலைக் குரல் கேட்கும் எங்கள் தெருவில், இவற்றில் முதலாவது யாருக்கும் அந்நியமாகத் தோன்றவில்லை. பிள்ளையை அயல்வீட்டில் விடுவதைத்தான், “பெத்த மனசு கேக்குமா, வாத்தியாரே?” என்று ஒரு பெரியம்மா திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பெயர்ச்சீட்டு விளையாட்டு நன்று. பிளைமவுத்தின் மூப்பர் வில்லியம் புரூஸ்டர் தம் பிள்ளைகளில் நால்வருக்கு வைத்த பெயர்களைத் தமிழில் சொன்னால் பொறுமை, அச்சம், அன்பு, மல்லாட்டம் என வரும். மேஃபிளவரில் நடுக்கடலில் பிறந்த குழந்தைக்கு ஓசியானஸ் என்று பெயரிட்டார்கள். அருளும் பாக்கியமும் சகாயமும் நிறைந்த எங்கள் பிள்ளைகள் இந்தச் சீட்டை வைத்து இரண்டு நாள் விளையாடினார்கள்.

உடையைப்பற்றி ஒரு வரி போதும்: 24 அட்டைகளிலும் எல்லோரும் கறுப்பு அணிந்திருக்கிறார்கள்; கறுப்புச் சாயம் விலை மிகுந்தது, அன்றாடம் அவர்கள் உடுத்தியவை காவி, பழுப்பு, கரும்பச்சை போன்ற மங்கிய நிறங்கள்.

ஓர் அட்டையில் கிறிஸ்துமஸ் மரம் இருக்கிறது. இதை எப்படி மன்னிப்பது என்று தெரியவில்லை. 1659-இல் மாசசூசெட்ஸ் மன்றம் கிறிஸ்துமஸ் கொண்டாடுவோருக்கு ஐந்து ஷில்லிங் தண்டம் விதித்தது. 1681-இல்தான் அந்தச் சட்டம் நீங்கியது. வேதத்தில் அந்தத் தேதி இல்லை என்பது அவர்கள் வாதம். “அப்ப கேக், குடில், ஒண்ணுமே இல்லையா சார்?” என்று கேட்ட சிறுமிக்கு இல்லை என்றுதான் சொன்னேன், பெட்டியின் அட்டையை அவள் எடுத்துக்காட்டியபோது எனக்குத்தான் தலைகுனிவு.

24 அட்டைகளில் ஆறு, சேலத்துச் சூனிய வழக்குக்குப் போய்விட்டன. நம் சேலமன்று, மாசசூசெட்ஸ் சேலம். 1692-இல் 19 பேர் தூக்கிலிடப்பட்டதும், வழக்குக்கு இசைய மறுத்த முதியவர் ஒருவர் பாறாங்கற்களால் நசுக்கிக் கொல்லப்பட்டதும் உண்மை. அந்த வழக்குகள் ஓய்வதற்குள், 1693 பிப்ரவரி 4 அன்று, கிழவன் சேதுபதி ஆட்சியில் எங்கள் ஓரியூரில் கத்தோலிக்கக் குரு அருளானந்தர் தலை வெட்டப்பட்டார் என்பதைப் பிள்ளைகளுக்கு நான்தான் சொன்னேன். காலத்தை மனத்தில் நிறுத்த அது உதவியது. ஆனால் மூன்று தலைமுறை வாழ்வுக்கு 18 அட்டையும் ஓராண்டின் வெறிக்கு ஆறு அட்டையும் என்பது விற்பனைக் கணக்கு.

அந்த மண்ணின் மக்களுக்கோ ஒரே அட்டை: மக்காச்சோளம் நீட்டும் ஒரு கை. பிளைமவுத் எழுந்த இடம் பட்டுக்ஸெட் என்ற, வாம்பனோவாக் பழங்குடியினரின் ஊர். 1616 முதல் 1619 வரை பரவிய கொள்ளைநோயில் அது ஆளற்றுப் போயிருந்தது. அவ்வூரின் டிஸ்குவாண்டம் 1614-இல் ஓர் ஆங்கிலேயனால் கடத்தப்பட்டு ஸ்பெயினில் விற்கப்பட்டு, எப்படியோ தப்பி ஊர் திரும்பியபோது, வரவேற்க அங்கே ஒருவரும் இல்லை. குடியேறிகளுக்குச் சோளம் நடக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். 1675-இல் தொடங்கிய போரில் வாம்பனோவாக் தலைவர் மெட்டகாம் கொல்லப்பட்டதையும், அவருடைய மனைவியும் மகனும் பிடிபட்டு அடிமையாக்கப்பட்டதையும் சொல்லாமல் இந்தப் பெட்டியை முழுமையானது என்று விளம்பரம் செய்வது நேர்மையாகாது.

தமிழ் வாசகருக்கு எளிதில் பிடிபடக்கூடிய தொடர்புகளையும் விட்டுவிட்டார்கள். காட்டன் மேதர் தரங்கம்பாடி மிஷனரிகளோடு கடிதம் எழுதிக்கொண்டு, அக்கடிதங்களை 1721-இல் பாஸ்டனில் அச்சிட்டார். பாஸ்டனில் பிறந்த எலிஹு யேல் சென்னைக் கோட்டையின் ஆளுநராக இருந்து சேர்த்த செல்வத்திலிருந்து, 1718-இல் ஒன்பது பொதிச் சரக்கும் 417 புத்தகங்களும் ஒரு கல்லூரிக்குப் போய், அது யேல் என்று பெயர் பெற்றது. பியூரிட்டன்களின் வழிவந்த சபையார் மாசசூசெட்ஸிலிருந்து யாழ்ப்பாணம் வந்து, அங்கிருந்து 1834-இல் மதுரைக்கு வந்தார்கள்; 1862-இல் வெளியான, மைரன் வின்ஸ்லோவின் தமிழ்-ஆங்கில அகராதி அவர்கள் தந்தது. மதுரை எங்களுக்கு மூன்று மணி நேரப் பயணம். நான்கு வரி போதுமாயிருந்தது.

உப்புக்காற்றைப்பற்றி விற்பனையாளர் யோசிக்கவில்லை: மூன்று வாரத்தில் எழுத்துப்பலகையின் ஆணிகள் துருவேறித் தாளில் கறை இறங்கிவிட்டது. கடற்கரை ஊர்க்காரர்கள் வாங்கினால் ஆணியில் சிறிது எண்ணெய் தடவி ஓலைப்பெட்டியில் வைப்பது நல்லது. பட அட்டைகளில் ஒன்பதின் பின்புறம் நான் திருத்தச் சீட்டு ஒட்டியிருக்கிறேன். கையேட்டை விலக்கிவிட்டுப் பொருள்களை மட்டும் ஆயிரம் ரூபாய் அளவில் தருவார்களானால் இன்னொரு பெட்டி வாங்குவேன். மணற்கடிகாரம் ஒன்று போதவில்லை. திண்ணையில் கைப்பேசி யாரிடம் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதை இப்போது அதை வைத்துத்தான் பிள்ளைகள் முடிவு செய்கிறார்கள், அது ஐந்து நிமிடம் குறைவாக ஓடுகிறது என்ற வழக்கு தினமும் என்னிடம் வருகிறது.